நாலு பேப்பருக்கு அடியில் ஒரு முடி

நவம்பர் 3, ஞாயிறு

காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸில் பழைய கார் சங்கத்துக் கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு மரத்தடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஆளாளுக்குத் தன் வண்டிதான் உசத்தி என்று பேசுவதற்குப் பெயர்தான் கூட்டம். இன்று இருபத்தாறு வண்டி. அதில் பத்தொன்பது வண்டிக்குள் என் கையெழுத்து இருக்கிறது. நான் உட்கார்ந்து எண்ணவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நாங்கள் எங்கள் ஃபியட்டில் போனோம். இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் பாக்கியநாதனுக்கு, நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது.

என்னைப் போலவே வண்டி பார்த்துச் சொல்கிற உக்கடத்து நௌஷாத் வந்திருந்தான். முப்பத்தைந்து வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறான். பெயிண்ட் மேல் வைத்தால் அடியில் எவ்வளவு கனம் என்று நம்பர் காட்டுமாம். காட்டட்டும். போத்தனூரில் எங்கப்பா டிங்கரிங் பட்டறையில் பத்து வயசில் தகரத்தைத் தடவ ஆரம்பித்தவள் நான். முப்பத்தொரு வருஷமாக ஆட்கள் என் விரலை நம்பி வண்டி வாங்குகிறார்கள். தகரம் துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் மாவு மாதிரிப் பட்டியை அப்பி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து எத்தனை பேர் கொண்டுவந்திருக்கிறான்கள்! ஒருத்தன்கூட என் விரலைத் தாண்டினதில்லை.

சங்கத் தலைவர் மருதாசலம்தான் ஆரம்பித்து வைத்தார். "ஹெப்சிபா அக்கா, அந்த முடி வித்தையைக் காட்டுங்க்கா. நௌஷாத் பார்த்ததில்லை."

ஃபியட் பானட்டின் மேல் ஒரு தலைமுடியை வைத்து, அதன்மேல் நாலு தாள் பேப்பரை விரித்துவிடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மேலே விரலை ஓட்டி, முடி இருக்கிற இடத்தைச் சொல்லுவேன். இவர்தான் எப்போதும் முடியை வைப்பார். இன்றும் வைத்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். சரியாக அந்த இடத்துக்கு வருகிற நேரம் பார்த்து இவருக்கு இருமல் வந்துவிட்டது. கவனம் சிதறியிருக்க வேண்டியது. ஆனால் நான் யார்? "இங்கே" என்றேன். பேப்பரைத் தூக்கினால், அங்கேதான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நௌஷாத் முகத்தைப் பார்க்கணுமே!

இவருக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

பொள்ளாச்சி போய் வந்தேன். பீளமேட்டில் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிற வெள்ளியங்கிரி கூட்டிக்கொண்டு போனான். அவன் மகள் தமயந்திக்கு 28ஆம் தேதி கல்யாணம். பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்து பழைய கார் என்றால் உயிராம். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே ஓட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகப் போகிறார்கள். அதற்காக ஒரு மோரிஸ் மைனர் பார்த்து வைத்திருக்கிறான்.

"நீங்க சரின்னா வாங்கறேனுங்க்கா. நீங்க வேண்டாம்னா திரும்பிப் பார்க்காம வந்துருவேன்" என்றான். இப்படித்தான் பேச வேண்டும்.

இளம்பச்சை வண்டி. தென்னந்தோப்புக்குள் ஓட்டுக் கொட்டகையில் நின்றது. பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாளி. என்ஜின் போனால் வேறு போடலாம், சீட் கிழிந்தால் தைக்கலாம். உடம்பு போன வண்டிக்கு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. நான் முதலில் தூர நின்று சுற்றி வருவேன். கதவுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் விரல்.

வலது பின் மட்கார்டில் ஒரு இடத்தில் பெயிண்ட் நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தது. தடவினேன், விரலும் ஒத்துக்கொண்டது. அப்பளம் அளவுக்குப் பட்டி. அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டியதும் தரகர் முகம் தொங்கிப்போயிற்று. ஏழரை லட்சம் என்று நின்றவர் ஆறுக்கு இறங்கினார். இது பாதகமில்லாத பட்டி, எங்கள் ஃபியட் கூரையிலும் தேங்காய் விழுந்த இடத்தில் இதே அளவு இருக்கிறது, நானே போட்டது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று போயிற்று. அவ்வளவு சுத்தமான வண்டியை நான் பார்த்து நாளாகிவிட்டது.

வழக்கமாகக் கடைசியில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன். முந்தின நாள் மழையில் தரை சேறாக இருந்தது, இடது கால் வேறு காலையிலிருந்து மரத்துப்போய் ஒரே கனம். என் விரல் சொன்ன பிறகு அடியில் போய் என்ன புதிதாகத் தெரியப் போகிறது?

டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இரும்பு ஊசியால் என் பெயரையும் தேதியையும் கீறினேன். நான் பார்த்துத் தேறின வண்டிக்கு அடையாளம் அதுதான். வெள்ளியங்கிரி அதைத் தடவித் தடவிப் பார்த்தான். போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு வந்த பிறகு தரகர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, ஒத்தைச் செருப்பை விட்டுட்டுப் போறீங்க!" குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருந்தது. புதுச் செருப்பு, அளவு பெரிது.

நவம்பர் 8, வெள்ளி

செருப்புக் கடைக்காரனோடு சண்டை. ஏழாம் நம்பர் என்று சொல்லி எட்டைக் கொடுத்திருக்கிறான். இல்லை, ஏழுதான் என்று அடியில் எழுதியிருப்பதைக் காட்டுகிறான். அப்படியானால் கம்பெனிக்காரன் தப்பாக அச்சடித்திருக்கிறான். "காலில் ஏதாவது கோளாறா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறான். செருப்பு விற்கிறவனுக்கு வாய்க்கொழுப்பைப் பார்.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகும் முன் தோசை. சமையலறையில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. தோசை நன்றாகத்தான் இருந்தது. எங்கிருந்து என்று தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நீட்டிவிட்டார். தோசைக்கல்லின் ஓரத்தில் கை ஊன்றி நின்றிருந்தேனாம். நாலு விரல் நுனியிலும் கொப்புளம்.

"உனக்குச் சுடலையா ஹெப்சி?"

"உழைச்ச கை. தோல் தடிச்சிருக்கு" என்றேன்.

சர்க்கரை பதினாலு வருஷமாக இருக்கிறதாம், போன மாதம் பார்க்கவில்லையாம், டாக்டர் வித்யாவதியிடம் போகலாமாம். பிரசங்கத்தைவிட நீளமாகப் பேசினார். சர்க்கரை எனக்கு மட்டுமா இருக்கிறது? கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. மருந்து போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன்

வெள்ளியங்கிரி போன் பண்ணினான். வண்டி சூப்பராக ஓடுகிறதாம். மருதமலை அடிவாரம் வரை போய் வந்தார்களாம். நாலு பேர் உட்கார்ந்தால் மட்டும் இடது கதவு சாத்த முடியாமல் மேலே உரசுகிறதாம்.

கீல் இறுகியிருக்கும், எண்ணெய் விடு, கதவு ரப்பர் புதுசு, அமர நாளாகும் என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க்கா" என்று வைத்துவிட்டான்.

நவம்பர் 15, வெள்ளி

தையல்காரர் இப்போதெல்லாம் ஜாக்கெட் கொக்கியை ரொம்பப் பொடியாக வைக்கிறார். பத்து நிமிஷம் போராடினேன். இவர் வந்து மாட்டிவிட்டார். "முப்பது வருஷம் கழிச்சு என்ன கொஞ்சல்?" என்றேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பத்திரிகை வைக்க வெள்ளியங்கிரி குடும்பத்தோடு வந்தான். பச்சை மோரிஸில்தான் வந்தார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. தமயந்தி தானே ஓட்டி வந்தாள். கண்ணாடி வளையல் போட்ட கை ஸ்டியரிங்கில் எவ்வளவு அழகாக இருந்தது! காலில் விழுந்து, "உங்களாலதான் பெரியம்மா இந்த வண்டி கிடைச்சுது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசல் வரை போய் வழியனுப்பினேன். நாலு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். இடது பக்கக் கதவைப் பார்த்தேன். ஏறுவதற்கு முன் மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருந்த இடைவெளி, அவர்கள் உட்கார்ந்ததும் மேல்பக்கம் மூடிக்கொண்டது. வெள்ளியங்கிரி தோளால் இடித்துச் சாத்தினான்.

புது ரப்பர். அமர நாளாகும்.

அவர்கள் தலை மறைந்து அரை மணி நேரத்தில் நௌஷாத் வந்து நிற்கிறான். என் வீட்டுக்கு! உட்காரச் சொல்லவில்லை, அவனாகவும் உட்காரவில்லை.

"அம்மா, நேத்து பெட்ரோல் பங்க்ல அந்த மோரிஸைப் பார்த்தேன். சும்மா கை அரிச்சுது, மீட்டரை வெச்சேன். மத்த இடமெல்லாம் நூறு, நூத்தம்பது. இடது கதவுக்கு அடியில நீளமா ஓடற தகரத்துல ஆயிரத்து எண்ணூறு காட்டுதும்மா. மூணு இடத்துல வெச்சுப் பார்த்தேன்."

"காந்தம் வெச்சியா?"

"ஒட்டுது. உள்ளே புதுத் தகரத்தை ஒட்டி மேல பட்டி போட்டிருந்தா ஒட்டத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா? எனக்குத் தெரியாததா என்று என்னிடமே கேட்கிறான். பேட்டரி தீர்ந்த மீட்டரை வைத்துக்கொண்டு என் முப்பத்தொரு வருஷத்தை அளக்க வந்துவிட்டாயா என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "வெளியில யார்கிட்டயும் சொல்லலம்மா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. போய்விட்டான்.

கதவுக்கு அடியில் ஓடுகிற அந்தத் தகரம்தான் அந்த மாதிரி வண்டிக்கு முதுகெலும்பு. அது உளுத்துப்போனால் ஆள் ஏறினதும் வண்டி நடுவில் அமுங்கும், கதவு மேலே உரசும். இது நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம்.

ஊட்டி ரோட்டில் எத்தனை கொண்டை ஊசி வளைவு.

நவம்பர் 20, புதன்

இவர் கடைக்குப் போயிருந்தபோது நானே மேஜையில் ஒரு முடியை வைத்து நாலு தாளை விரித்தேன். நானே வைத்ததால் இடம் தெரியும். அது பரீட்சை ஆகாது. அவர் வரும்வரை காத்திருந்தேன்.

"முடி வையுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

"வையுங்கன்னா வையுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். வைத்தார். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, ஒரு அங்குலம் விடாமல் விரலை ஓட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப ஓட்டினேன். அவர் இருமவில்லை. மூணு தாளை எடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு தாள். தெரியவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் வைத்திருந்தது முடி இல்லை. சணல் கயிறு. பேப்பர் மேடாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணுக்கே தெரிந்தது.

"எத்தனை நாளா இருமறீங்க?" என்று கேட்டேன்.

"போன ஈஸ்டர்ல சங்கத்துல பண்ணினியே, அப்போ இருந்து" என்றார். "அன்னிக்கு நீ தாண்டிப் போயிட்டே. என்னை அறியாம இருமிட்டேன். நீ உடனே நின்னுட்டே. பொறவு அதுவே வழக்கமாயிடுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டயா?"

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கயிற்றை எடுத்துக் குப்பையில் போட்டேன். அதை எடுத்ததுகூட விரலுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் முதல் வேலையாக நௌஷாதுக்குப் போன் பண்ணினேன். "மீட்டரை எடுத்துக்கிட்டு பீளமேடு வா" என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவனுக்குப் புரிந்தது.

நானும் இவரும் போனபோது வெள்ளியங்கிரி வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மோரிஸைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். நௌஷாத் மீட்டரை வைத்தான். ஆயிரத்து எண்ணூறு, ரெண்டாயிரத்து நூறு. நான் சாக்கை விரித்து, அன்றைக்குப் படுக்காத படுக்கையை இன்றைக்குப் படுத்தேன். ஐம்பத்தாறு வயசில் பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே காருக்கு அடியில்! ஸ்க்ரூடிரைவரை வாங்கி அந்தத் தகரத்தின் உள்பக்கம் ஒரு குத்து விட்டேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. துரு தூள் தூளாக முகத்தில் கொட்டியது.

வெளியே வந்து எழுந்து நின்று சொன்னேன். "தம்பி, நான் தப்பாச் சொல்லிட்டேன். இந்த வண்டி மலை ஏறக் கூடாது. பொண்ணை இதுல ஏத்தாதே."

அவன் ஸ்க்ரூடிரைவரையே பார்த்தான். "நீங்கதானுங்க்கா கையெழுத்துப் போட்டீங்க."

"நான்தான். என் விரல் செத்துப்போச்சு வெள்ளியங்கிரி. எனக்கே நேத்துத்தான் தெரியும். தெரியும்னுகூடச் சொல்ல முடியாது, முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

நௌஷாத் முன்னால், பந்தல்காரர்கள் முன்னால், அவன் மச்சினன்மார் முன்னால் இதைச் சொன்னேன்.

வெள்ளியங்கிரி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "கல்யாணத்துக்குச் சும்மா மண்டபம் வரைக்கும் ஓட்டிட்டு, பொறவு பெங்களூர்ல ஒரு பார்ட்டி இருக்குதுங்க, கொடுத்துடறேன். உங்க கையெழுத்து இருக்கறதால அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க. இங்க கேட்டவங்கெல்லாம் நம்ம ஆளுங்க, நீங்களும் நௌஷாதும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும். உங்க பேருக்கும் நல்லதுங்க்கா."

என் பேருக்கு நல்லதாம்! என் பெயரை வைத்து ஒருத்தன் இன்னொருத்தன் குடும்பத்தை உளுத்த தகரத்தில் ஏற்றி அனுப்புவான், நான் அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? நேராகப் போய் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். இரும்பு ஊசியால் என் பெயரின் மேல் குறுக்கே மூணு கோடு அழுத்திக் கீறினேன். கீழே "தவறு" என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. எழுத்து கோணலாக வந்தது.

தமயந்தி நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அப்பா பேசியதற்காகவா, வண்டி போனதற்காகவா தெரியவில்லை.

நான் என் கைப்பையிலிருந்து ஃபியட் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது எங்க வண்டி. இதோட ஒவ்வொரு அங்குலமும் என் விரல் உயிரோட இருந்தப்பவே எனக்குத் தெரியும். கூரையில தேங்காய் விழுந்த இடம் ஒண்ணைத் தவிர வேற பட்டி கிடையாது. போன மாசம்தான் பிரேக் மாத்தினேன். இதுல போ கண்ணு."

என் சொந்தக் கொழுந்தனுக்கே நான் தராத வண்டி அது. இவர் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விடறோம்" என்று சொல்லி, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தோம்.

நவம்பர் 22, வெள்ளி

டாக்டர் வித்யாவதி. ஊசியால் குத்தினார், நூல் மாதிரி ஒன்றால் தொட்டார், "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விரலிலும் பாதத்திலும் பாதி இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு செத்திருக்கிறது, போனது முழுக்கத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வெறுங்காலோடு நடக்கவே கூடாதாம்.

செருப்புக் கடைக்காரனிடம் போக வேண்டும். அவன் சொன்னது சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

நவம்பர் 24, ஞாயிறு

விடிந்ததும் இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். என்றைக்கிலிருந்து விரல் பொய் சொல்ல ஆரம்பித்தது? இவர் ஈஸ்டர் என்கிறார். எனக்கு அதற்கும் முன்னால் நினைவு வருகிறது. பிப்ரவரியில் திருச்சி பஸ்ஸில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தேன். யாரோ மிதித்து இழுத்துவிட்டார்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அன்றிலிருந்து கணக்கு வைத்தால், மோரிஸ் போகப் பதினோரு வண்டி. பதினோரு குடும்பம். மருதாசலத்தின் கறுப்பு ஆஸ்டினும் அதில் ஒன்று, ஜூலையில் பார்த்தது.

நோட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போனேன். ஃபியட்டின் கூரையில் பனி இறங்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை, இந்த நோட்டை இவர் படிக்க மாட்டார்.

கன்னத்துக்குத் தகரம் சில்லென்றிருந்தது. தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு இடத்தில் அந்தச் சில்லென்கிற குளிர்ச்சி இல்லை, சப்பென்றிருந்தது. மறுபடி நகர்த்தினேன், திரும்பச் சில்லென்றது. திரும்பி வந்தேன், சப்பென்றது. நிமிர்ந்து பார்த்தேன். தேங்காய் விழுந்த இடம்.

தகரம் குளிரை உடனே கொடுக்கும். பட்டி கொடுக்காது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். விரல் இருந்தவரை வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அழுகை நின்றுவிட்டது. கூரை முழுக்கக் கன்னத்தை வைத்து இழுத்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்கு உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாயிருக்கு. ஒரு லிட்டர் கூட ஊத்துங்க" என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. எங்கள் ஃபியட்டைச் சாமந்தியும் ரோஜாவுமாக ஜோடித்திருந்தார்கள். வெள்ளியங்கிரி என்னிடம் ரெண்டு வார்த்தைதான் பேசினான். அதுகூட, "சாப்பிட்டீங்களாக்கா?" என்பதுதான். பரவாயில்லை. மோரிஸை யாருக்கும் தள்ளிவிடவில்லை, பிரித்துப் புதுத் தகரம் போடப் போகிறான் என்று அவன் பெண்டாட்டி காதோடு சொன்னாள். மகள்தான் பிடிவாதம் பிடித்தாளாம்.

மாலை ஆறு மணிக்குத் தமயந்தி போன் பண்ணினாள். ஊட்டி சேர்ந்துவிட்டார்களாம். வண்டி ஒரு முனகல் முனகவில்லையாம்.

முனகுமா? யார் வண்டி அது!

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபியட் இன்னும் ஊட்டியில், அதனால் ஆட்டோவில் போனோம். ரேஸ்கோர்ஸில் நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்தே பாதிப் பேருக்கு ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னேன். பிப்ரவரியிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட வண்டிகள் எதையும் நம்பாதீர்கள், என் விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது, மோரிஸ் போக இன்னும் பதினொன்று இருக்கிறது, ஒவ்வொன்றாக நானே வந்து மறுபடி பார்ப்பேன், தப்பு இருந்தால் நானே என் கையெழுத்தை அடிப்பேன். தலையைக் குனிந்துகொண்டு பேசவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் பேசினேன்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தன், "விரல் போனபொறவு எதை வெச்சுப் பார்ப்பாங்களாம்?" என்றான்.

"முதல்ல உங்க ஆஸ்டின்" என்றேன் மருதாசலத்திடம்.

"என்னக்கா இது, வண்டி நல்லாத்தானே ஓடுது. விட்டுருங்க்கா" என்று நெளிந்தார்.

"நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்லப் போறேன். பயமா?"

நௌஷாதும் நானும் முன்னாடியே பேசிவைத்திருந்தோம். அவன் முதலில் மீட்டரை வைத்து வண்டி முழுக்க அளந்தான், நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எங்கெங்கே கனமாகக் காட்டியதோ அதைச் சீட்டில் எழுதி, மடித்து இவர் கையில் கொடுத்தான். இவர் பிரித்துப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நான் வந்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, ஆஸ்டினின் முன் மட்கார்டில் கன்னத்தை வைத்தேன்.

சிரிப்பு கேட்டது. கேட்கட்டும். மருதாசலத்தின் பேத்தி, "அந்தப் பாட்டி காருக்கு முத்தம் குடுக்கறாங்க" என்றாள். அதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பானட் சில்லென்றிருந்தது. இடது கதவு, பின் கதவு, அடித்தகரம், எல்லாம் சில்லென்றிருந்தது. அடித்தகரத்துக்கு மண்டி போட்டு, ரோட்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தேன். டிக்கியில் ஒரு மூலை சப்பென்றது. "இங்கே ஒண்ணு, உள்ளங்கை அளவு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நௌஷாத் சாக்பீஸால் வட்டம் போடுகிற சத்தம் கேட்டது.

வலது பக்கம் வந்தேன். பின் மட்கார்டின் மேலிருந்து கீழே, சக்கரத்தை நோக்கிக் கன்னத்தை இழுத்துக்கொண்டே போனேன். சில்லென்று வந்துகொண்டே இருந்தது. வளைவு திரும்புகிற இடத்தில் குளிர்ச்சி மெல்ல மங்குவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினேன். அப்போது எனக்குப் பின்னால் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இருமினார்.

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவர். பாவம், அவரால் அடக்க முடியவில்லை.

நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "இருமாதீங்க. ஒரு சாண் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்."